களம் காணாத ஒரு படைக்கலம்: கலஷ்னிக்கொவின் 1942ஆம் ஆண்டு உப இயந்திரத் துப்பாக்கி

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றிபெற்ற கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஒரு நாடு எவற்றை ஏற்க மறுத்தது, ஏன் மறுத்தது என்னும் வினாக்களும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியனவே. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக மிக்கயில் கலஷ்னிக்கொவ் 1942இல் ஆக்கிய உப இயந்திரத் துப்பாக்கியைக் கொள்ளலாம்.

செம்படையில் தாங்கிப் படைவீரராகப் பணியாற்றிய கலஷ்னிக்கொவ், 1941 ஒக்தோபரில் பிரியான்ஸ்க் போர்முனையில் காயமுற்றார். குணமடைவதற்கென வழங்கப்பட்ட விடுமுறையில், தாம் முன்னர் தொழில்புரிந்த கசாக்ஸ்தானின் மட்டாய் புகையிரதப் பட்டறைக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளரின் துணையுடன் முதல் மாதிரியைச் செய்தார். அல்மா ஆட்டாவுக்கு இடம்பெயர்ந்திருந்த மொஸ்கோ விமானவியல் நிறுவனத்தின் பட்டறையில் அடுத்த மாதிரி உருவாயிற்று. 1942 கோடையில் சமர்க்கண்டில் இம்முயற்சியை ஆராய்ந்த படைக்கல அறிஞர் பிளகொன்ராவொவ், கருவியைவிட அதனைச் செய்தவரின் ஆற்றலையே பெரிதும் மதித்தார்; முறையான தொழில்நுட்பக் கல்வி அவருக்கு அளிக்கப்படல் வேண்டுமெனவும் பரிந்துரைத்தார்.

இத்துப்பாக்கி 7.62 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவையைப் பயன்படுத்தியது. சுடும்போது பின்னோக்கித் தள்ளப்படும் பகுதியின் வேகத்தைத் திருகமைப்பொன்று தணித்தது. அக்காலத்தில் பெருந்தொகையாக உற்பத்தியான பிபிஎஸ்எச் துப்பாக்கியிலோ அப்பணியைப் பாரமான உலோகப் பகுதியும் சுருள்வில்லுமே செய்தன. கலஷ்னிக்கொவின் கருவி இலேசானது, குறுகியது. ஒற்றைச் சூட்டுக்கும் இடமளித்தது. இச்சிறப்புகளை ஒப்புக்கொண்ட பீரங்கித்துறைத் தலைமையகம், 1943 பெப்ரவரியில் அதனை நிராகரித்தது. ஆக்கச் செலவு மிகுதி என்பதும், உலோகத்தை மெதுவாகக் கடைந்தெடுக்கும் பொறிகள் தேவைப்பட்டன என்பதுமே காரணங்களாம்.

இம்முடிவின் பொருத்தத்தைப் பின்வரும் கணக்குத் தெளிவாக்கும். பிபிஎஸ்எச் துப்பாக்கி ஒன்றுக்கு ஏறத்தாழ 7.3 மணிநேரப் பொறிவேலையும் 13.9 கிலோகிராம் உலோகமும் வேண்டப்பட்டன. சுதாயெவ் வடிவமைத்த பிபிஎஸ் துப்பாக்கிக்கோ 2.7 மணிநேரமும் 6.2 கிலோகிராமுமே போதுமாயின. தகட்டை அழுத்தி வடிக்கும் முறையினால் அது முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரிலேயே உற்பத்தி செய்யப்பட்டது. எனவே கருவியின் நுட்பத்தினும் ஆலையின் இயலுமையே தீர்ப்பை நிருணயித்தது எனலாம்.

1949இல் செம்படையின் வழிவந்த சோவியத் இராணுவம் ஏற்றுக்கொண்ட ஏகே துப்பாக்கியின் வித்தாக இதனைக் கருதுவோர் உளர். இக்கருத்து முற்றும் ஏற்புடையதன்று. பின்னையது வெடிவாயுவின் விசையால் இயங்குவது; சுழலும் அடைப்பினைக் கொண்டது; அதன் ரவையும் வேறு. இரண்டையும் இணைப்பது பொறியமைப்பன்று. நிராகரிக்கப்பட்ட கருவியினால் இனங்காணப்பட்டு, சிறு படைக்கல ஆய்வுக்களத்துக்கு அனுப்பப்பட்ட மனிதரே இருசாராருக்கும் பொதுவான இணைப்பாவார்.

ஒரு மாதிரி சென்ற் பீற்றர்ஸ்பேர்க் பீரங்கி அரும்பொருளகத்தில் பேணப்படுகின்றது. பிற்காலப் புகழின் முன்னறிவிப்பாக மட்டும் அதனை நோக்குவோமாயின், யுத்தகாலத் தொழிலாலைகளின் நெருக்கடியையும், கருவியை மறுத்தும் ஆக்கியோனை இழக்காத ஒரு தெரிவு முறையையும் காணத் தவறிவிடுவோம்.