இலத்தீன் நிகழ்கால வினைப்பெயரடையும் தமிழ்ப் பெயரெச்சமும்

வினையினின்று பிறந்து, காலங்காட்டி, பெயர்போல வேற்றுமையும் ஏற்கும் சொல்லை இலத்தீன் இலக்கணத்தார் 'பார்த்திசிப்பியம்' என்றனர். 'பங்குகொள்வது' என்பது அதன் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டினரான வார்ரோ, சொற்களை வேற்றுமை ஏற்பன, காலங்காட்டுவன, இரண்டும் உடையன, இரண்டும் அற்றன என நால்வகைப்படுத்தி, இதனை மூன்றாம் வகையில் அடக்கினார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் தொனாத்துஸ் இதனை எண்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார்.

'படிக்கின்ற' எனப் பொருள்படும் 'லெகென்ஸ்' என்னும் சொல்லை நோக்குவோம். எழுவாய் ஒருமையில் மூன்று பாலுக்கும் இவ்வொரு வடிவமே உரியது. இரண்டாம் வேற்றுமையில் ஆண், பெண் பால்களுக்கு 'லெகெந்தெம்' என்றாக, அலிப்பால் மட்டும் 'லெகென்ஸ்' என்றே நிற்கும். ஆறாம் வேற்றுமை 'லெகெந்திஸ்'. நீங்கல் வேற்றுமை ஒருமையோ இருவகைப்படும்: வினைத்தன்மை மிக்கவிடத்தும் பெயராய் நின்றவிடத்தும் எகர ஈறும், அடைமொழியாய் நின்றவிடத்து ஈகார ஈறும் பெரும்பான்மை. ஒரே சொல்லின் இருமை இயல்பு அதன் ஈற்றிலேயே புலப்படுதல் ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்விலக்கண மரபில் பயின்ற ஐரோப்பியரே தமிழுக்கும் இலக்கணம் வகுத்தனர். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரிலும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலும் அச்சேறின. ஆயின், தமிழில் இலத்தீன் சொல்லுக்கு நேரான தனிவகை இல்லை. 'படிக்கின்ற' என்னும் பெயரெச்சம் காலங்காட்டும். திணை, பால், எண், வேற்றுமை எதனையும் ஏலாது. 'படிக்கின்றவனை' என்னும் வினையாலணையும் பெயர் இவை அனைத்தையும் ஏற்கும். இலத்தீன் ஒரு சொல்லில் அடக்கிய பணியைத் தமிழ் இரண்டாகப் பகுத்துக்கொண்டது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. 'லெகென்ஸ்' படிப்பவரை மட்டுமே சுட்டும். தமிழில் 'படிக்கின்ற மாணவன்', 'படிக்கின்ற நூல்', 'படிக்கின்ற அறை' எனச் செய்பவன், செயப்படுபொருள், இடம் ஆகிய யாவும் பெயரெச்சத்தைக் கொண்டு முடியும். 1856இல் கால்டுவெல் 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்னும் தொடரை ஆண்டதன் பொருத்தம் இங்கு விளங்கும். முன்னடை பெயரெச்சத்தின் தொடர்ப்பணியைக் குறிக்கின்றது.

எனினும், நம் வகுப்பறைகளில் அம்முன்னடை பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றது. பெயரெச்சத்தை வெறும் 'பார்ட்டிசிப்பிள்' என்று கற்பிக்கும்போது, மாணவர் அதனை வினையாலணையும் பெயரோடு மயங்குகின்றனர். அயல்மொழிக் கலைச்சொல்லை நாம் விலக்கவேண்டுவதில்லை. அது எம்மொழியின் எவ்வியல்புக்கு எழுந்தது என்பதை உடன் உணர்த்துதலே ஆசிரியர் கடன் எனக் கருதுகின்றோம்.