நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் சொல்லும் பதில்: நம் குடும்பங்கள் அதைப் படிப்பது எப்படி?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டால் நம் கைப்பேசிகளில் ஒரு வகைச் செய்தி வரத் தொடங்கும். "வெளிநாட்டுச் சிறைகளில் இத்தனை இந்தியர்கள்: மத்திய அரசு தகவல்", "பாலஸ்தீன நிலைப்பாட்டில் மாற்றமில்லை: அமைச்சர் பதில்" என்று தலைப்பு இருக்கும். யார் கேட்டார், யார் பதில் சொன்னார், வாயால் சொன்னதா எழுத்தில் கொடுத்ததா என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது.

நம் சமுதாயத்தில் சபுராளி இல்லாத தெரு குறைவு. ஜித்தாவிலும் துபையிலும் குவைத்திலும் கோலாலம்பூரிலும் மகனோ கணவனோ மருமகனோ இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்திய அரசு அதிகாரபூர்வமாக வாய் திறக்கும் இடங்களில் முக்கியமானது நாடாளுமன்றம். அங்கே சொல்லப்படும் பதிலுக்கு என்ன எடை, அதை எப்படிப் புரிந்துகொள்வது, தேவைப்பட்டால் நாமே ஒரு கேள்வியை எப்படி அங்கே கொண்டுசேர்ப்பது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி கேட்கும் உரிமை

இந்தியாவின் சட்டமன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமை வெள்ளையர் காலத்திலேயே வந்தது. 1892ஆம் ஆண்டின் கவுன்சில் சட்டம் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க மட்டும் இடம் கொடுத்தது. பதில் திருப்தி இல்லை என்றால் மேலும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

வெளியுறவு விஷயத்தில் இந்த உரிமைக்குத் தனி மதிப்பு உண்டு. நம் நாட்டில் அரசு ஒரு வெளிநாட்டுடன் ஒப்பந்தம் செய்வதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவை என்ற விதி இல்லை. ஐ.நா. சபையில் எப்படி வாக்களிப்பது என்று முடிவு செய்வதும் அரசுதான். ஆகவே "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று மக்கள் பிரதிநிதி நேருக்கு நேர் கேட்க எஞ்சியிருக்கும் சில வழிகளில் கேள்வி நேரம் முதன்மையானது.

1947 முதல் 1964 வரை பிரதமராக இருந்த நேருவே வெளியுறவுத் துறையையும் கவனித்தார். கேள்விகளுக்கு அவரே எழுந்து பதில் சொன்னார். 1959இல் சீன எல்லை பற்றி உறுப்பினர்கள் விடாமல் கேட்டபோது, சீனா அக்சாய் சின் வழியே சாலை போட்டிருப்பதை அவையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இரு அரசுகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையாக அவையில் வைக்கப்பட்டது.

நட்சத்திரம் உள்ளதும் இல்லாததும்

கேள்விகள் முக்கியமாக இரண்டு வகை.

முதலாவது, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவரும் மற்ற உறுப்பினர்களும் துணைக் கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். குலுக்கல் முறையில்தான் அவை தேர்வாகின்றன. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மீதமுள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வைக்கப்படும்.

இரண்டாவது, நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. இதற்கு எழுத்தில் மட்டுமே பதில். துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் நாளொன்றுக்கு 230 வரையும், மாநிலங்களவையில் 160 வரையும் அனுமதிக்கப்படுகின்றன. நம் கைக்கு வரும் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி இந்த வகைப் பதில்களிலிருந்து வருபவைதான்.

இவை தவிர, அவசரப் பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்துக்குக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று உண்டு. மற்றவற்றுக்கு 15 நாள் முன்னதாகவே அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சமீப ஆண்டுகளில் வெளியுறவுத் துறையின் முறை மாநிலங்களவையில் வியாழக்கிழமை, மக்களவையில் வெள்ளிக்கிழமை.

கேள்விக்கும் வரம்பு உண்டு. மக்களவையில் 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதமோ ஊகமோ குற்றச்சாட்டோ கலக்கக் கூடாது. நட்பு நாடு ஒன்றை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது. இந்தக் கடைசி விதியால்தான் வளைகுடா நாடுகளைப் பற்றிய கேள்விகள் இவ்வளவு மென்மையாக இருக்கின்றன. உறுப்பினருக்குக் கோபம் இல்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

பதில் யார் பெயரில் வருகிறது?

2019 முதல் வெளியுறவு அமைச்சராக இருப்பவர் ஜெய்சங்கர். ஆனால் பெரும்பாலான எழுத்துப் பதில்கள் இணை அமைச்சர்களின் பெயரில்தான் வைக்கப்படுகின்றன. யார் பெயரில் வந்தாலும் அது அரசின் பதில்.

பெயரில் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ஹமாஸ் அமைப்பைத் தடை செய்யும் திட்டம் உண்டா என்ற கேள்விக்கு மக்களவையில் வைக்கப்பட்ட எழுத்துப் பதிலில் இணை அமைச்சர் மீனாட்சி லேகியின் பெயர் இருந்தது. அப்படி ஒரு தாளில் தாம் கையெழுத்திடவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பதில் மற்றோர் இணை அமைச்சரான முரளீதரன் பெயரில் இருந்திருக்க வேண்டும், தொழில்நுட்பத் திருத்தம் தேவைப்படுகிறது என்று அமைச்சகம் விளக்கியது. பாலஸ்தீனம் போன்ற விஷயத்தில் அச்சிட்ட ஒரு வரிக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை இது காட்டியது.

சொல்லில் ஒளிந்திருப்பது

பாலஸ்தீனம் பற்றிய பதில்களை வரிசையாக எடுத்துப் படித்தால் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். பாதுகாப்பான, அங்கீகரிக்கப்பட்ட எல்லைகளுக்குள், இஸ்ரேலுடன் அருகருகே அமைதியாக வாழும் இறையாண்மையுள்ள பாலஸ்தீன நாடு, பேச்சுவார்த்தை மூலம் இரு நாட்டுத் தீர்வு என்பதே அதன் சாரம். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்கு இந்தியா ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் கொடுப்பதும் சேர்த்துச் சொல்லப்படும். இதில் ஒரு சொல் சேர்ந்தாலும் விடுபட்டாலும் அதுதான் செய்தி. 1988இல் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்த இந்தியா, 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகி நின்றது. டிசம்பரில் போர்நிறுத்தத் தீர்மானத்தை ஆதரித்தது. பதிலின் வாசகத்தையும் வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

வேறு சில வழக்கமான சொற்களும் உண்டு. "நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்படுகிறது" என்றால் இப்போது சொல்ல ஏதுமில்லை என்று பொருள் கொள்ளலாம். "எழுவினா எழவில்லை" என்றால், முதல் பகுதிக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டதால் அடுத்த பகுதிக்குப் பதில் தேவையில்லை என்று கருத்து. "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்பது மட்டும் தட்டிக்கழிக்கும் சொல் அல்ல. அது உறுதிமொழியாகக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இயங்கி வருகிறது. அமைச்சர் சொன்ன வாக்கை அமானிதமாக வைத்துத் திருப்பிக் கேட்கும் குழு அது.

எண்ணிக்கையும் உயிரும்

2025 மார்ச்சில் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட பதிலின்படி, வெளிநாட்டுச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் உட்பட 10,152 இந்தியர்கள் இருந்தனர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேற்றப்படாத நிலையில் 49 பேர். ஐக்கிய அமீரகத்தில் 25, சவூதியில் 11, மலேசியாவில் 6, குவைத்தில் 3, இந்தோனேசியா, கத்தார், அமெரிக்கா, யமன் ஆகியவற்றில் தலா ஒருவர்.

இத்தகைய பதில்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். பல நாடுகளின் தனியுரிமைச் சட்டப்படி, கைதி சம்மதித்தால் ஒழிய அவரைப் பற்றிய விவரத்தை அந்நாட்டு அதிகாரிகள் தரமாட்டார்கள் என்பதே அது. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வரி இது. கைதான பிள்ளையிடம் ஒரு முறை தொலைபேசியில் பேச வாய்த்தாலும், "இந்தியத் தூதரகத்துக்கு என் விவரம் சொல்லச் சம்மதம்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதே மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் இலங்கைக் காவலில் இருக்கும் மீனவர்கள் பற்றிய கேள்வி வந்தது. முந்தைய நாள் வரை 86 பேர், அன்று ஒரு படகுடன் மேலும் 11 பேர் பிடிபட்டதால் 97 பேர் என்று ஜெய்சங்கர் சொன்னார். அன்றைய கைதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தது வாய்மொழிப் பதில் என்பதால்தான். முன்கூட்டியே அச்சிட்ட பதிலில் அது வந்திருக்காது.

இராக்கின் மோசுல் நகரில் 2014 ஜூனில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்களின் விஷயம் இன்னும் கனமானது. பஞ்சாப், பீகார், இமாசலம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சாட்சியம் இல்லாமல் ஒருவரை இறந்துவிட்டார் என்று அறிவிப்பது பாவம், அதைத் தாம் செய்யமாட்டேன் என்ற கருத்தில் 2017இல் மக்களவையில் பேசினார் அன்றைய அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். 2018 மார்ச் 20 அன்று மரபணுச் சோதனை முடிவுடன் மாநிலங்களவையில் எழுந்து, 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டதாக அறிவித்தார். நான்கு ஆண்டு காத்திருந்த குடும்பங்களில் பலர் அதைத் தொலைக்காட்சியில்தான் அறிந்தார்கள். எங்களுக்கு முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதார்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது முதலில் நாடாளுமன்றத்துக்குச் சொல்வது தம் கடமை என்றார் அமைச்சர்.

அவை மரபின்படி அவர் சொன்னது சரி. அந்தத் தாய்மார்களின் வேதனையும் நியாயமானது. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, அமைச்சர் தாமாக முன்வந்து வாசிக்கும் அறிக்கை கேள்வி நேரத்தைச் சேர்ந்ததல்ல என்பது. மக்களவையில் அதன் மீது அப்போதே கேள்வி கேட்க விதி இடம் தரவில்லை. மாநிலங்களவையில் விளக்கம் கேட்கும் வழக்கம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், சரியான துறையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹஜ் விவகாரம் 2016 அக்டோபர் முதல் வெளியுறவு அமைச்சகத்தில் இல்லை. அது சிறுபான்மையினர் நலத் துறைக்குப் போய்விட்டது. வெளிநாட்டு வேலை, குடியேற்ற அனுமதி, முகவர் மோசடி ஆகியவை வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கின்றன. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான தனி அமைச்சகம் 2016 ஜனவரியில் இதனுடன் இணைக்கப்பட்டது.

இரண்டாவது, அவசரம் என்றால் நாடாளுமன்றக் கேள்விக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவது, சம்பள பாக்கி, கைது ஆகியவற்றுக்கு 2015இல் தொடங்கப்பட்ட 'மதத்' இணையதளத்தில் முறையிட்டுப் பதிவு எண் வாங்குங்கள். வசதியற்றவர்களுக்குத் தூதரகங்களிலுள்ள இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து உதவி கிடைக்கும். அந்தப் பதிவு எண்ணுடன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கடிதம் கொடுத்தால் அவர் நேரடியாக அமைச்சருக்கு எழுதலாம்.

மூன்றாவது, ஒருவருக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்கிறது என்றால் அப்போதுதான் கேள்வி பயன்படும். ஜமாஅத் நிர்வாகிகள் நாலைந்து குடும்பங்களின் விவரத்தைத் திரட்டி, கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே உறுப்பினரைப் பார்க்க வேண்டும். "எங்கள் பிள்ளைகளை மீட்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது மனு. "கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நாட்டில் சம்பள பாக்கி குறித்து வந்த முறையீடுகள் எத்தனை, தீர்க்கப்பட்டவை எத்தனை, மீதிக்கு என்ன நடவடிக்கை?" என்று எழுதினால் அது கேள்வி. மனுவுக்குப் பதில் வராமல் போகலாம். அனுமதிக்கப்பட்ட கேள்விக்குக் குறித்த நாளில் பதில் வைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பகிர்வதற்கு முன் மூலத்தைப் பாருங்கள். இரு அவைகளின் கேள்வி பதில்கள் நாடாளுமன்ற இணையதளத்திலும், வெளியுறவுத் துறைக்கு உரியவை அமைச்சக இணையதளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கேள்வி எண், தேதி, பதில் அளித்தவர் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத "அமைச்சர் தெரிவித்தார்" செய்தியை நம்பி, சிறையில் பிள்ளை இருக்கும் ஒரு தாய்க்கு நம்பிக்கையோ பயமோ கொடுத்துவிடாதீர்கள்.