போட்டிக்கு வெளியே ஆட்டம்: மேல்மலைப் பள்ளிகளை முன்வைத்துச் சில வாதங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடனம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆண்டு விழாவில் இருக்கிறது. குடியரசு நாள் நிகழ்ச்சியில் இருக்கிறது. 2022-23 கல்வியாண்டு முதல் பள்ளிக்கல்வித் துறை நடத்திவரும் கலைத் திருவிழாவில் பரதமாகவும் நாட்டுப்புற ஆட்டமாகவும் இருக்கிறது. கால அட்டவணையில்தான் இல்லை. ஆடத் தெரிந்த எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து மேடையேற்றுவதில் நம் பள்ளிகள் தேர்ந்துவிட்டன. மீதி முப்பது பேருக்கு ஆட்டம் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நடனத்தை வாரம் ஒரு பாடவேளையாக, வகுப்பு முழுவதற்கும், மதிப்பெண்ணும் நடுவரும் இல்லாமல் கற்பிக்க முடியும் என்றும், அதற்கு ஏற்றவை கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் போன்ற கூட்டாட்டங்களே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்த வாதத்தைக் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வரிசையாகக் கடந்து போனால் போளூர். அதற்கும் அப்பால் கிளாவரை. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் ஊர்கள் இவை. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியுலகம் இவற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. கலைத் திருவிழாவோ பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிப் போகிறது. மேல்மலைப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியும் ஒரு மலைப்பயணம். விடியற்காலைப் பேருந்து, கூட வர ஓர் ஆசிரியை, இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற தாயின் கவலை: இத்தனையும் பொருந்தினால்தான் பெண்பிள்ளை வட்டாரப் போட்டிக்குப் போய்ச் சேர முடியும். நகரத்துப் பள்ளிகளில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் குறை இங்கே பளிச்சென்று தெரிகிறது. மேடை தூரமாக இருக்கும் ஊரில், மேடையை நம்பி வைத்த கல்வி நடப்பதே இல்லை.

சட்டமும் இந்தப் பிள்ளைகளுக்குச் சாதகமாக இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கலைக் கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. ஆனால் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும். மலைக்கிராமத்துச் சிறு பள்ளி அந்த எண்ணிலேயே விழுந்துவிடும். எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கையும் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று பிரிவுகள் இருந்தன. கலைக் கல்வி என்றால் நடைமுறையில் ஓவியம் என்றே ஆயிற்று. கலைகளைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வைக்கவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

சரி, நடனத்தை முழுப் பாடமாகவே ஆக்கிவிட்டால் என்ன? அப்படி ஆக்கிய தமிழ்ச் சமூகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை ஒவ்வொரு மாணவரும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியல் பாடங்களில் ஒன்றைப் படித்தாக வேண்டும். க.பொ.த. சாதாரண தரம் என்ற பொதுத் தேர்வில் நடனம் விருப்பப் பாடம். எழுத்துத் தேர்வும் உண்டு, செயன்முறைத் தேர்வும் உண்டு. தமிழ்மொழிப் பள்ளிகளில் அது பரதம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இப்பாடத்துக்குப் பட்டதாரிகளை உருவாக்கித் தருகின்றன. நடன ஆசிரியை என்பது அங்கே நிரந்தரப் பதவி. இது சின்னச் சாதனை இல்லை. தமிழ்நாட்டில் இதற்கு ஈடாகக் காட்ட எதுவும் இல்லை.

ஆனால் பாடமாக்கியதற்கு ஒரு விலையும் உண்டு. தேர்வு வந்ததும் அடவுகளின் பெயர்களும் முத்திரைகளின் விளக்கங்களும் மனப்பாடமாகிவிடுகின்றன. விருப்பப் பாடம் என்பதால் வகுப்பு தானாகவே பிரிந்துகொள்கிறது. நடன வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாணவிகளே. போட்டி எட்டுப் பேரைப் பொறுக்குகிறது என்றால் விருப்பப் பாடம் பன்னிரண்டு பேரைப் பொறுக்குகிறது. எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை.

பரதத்தை வகுப்பு முழுவதற்கும் வைக்கலாமே என்றால், நான் மறுப்பது அதன் தகுதியை வைத்து அல்ல, கணக்கை வைத்து. பரதப் பயிற்சியின் முதல் படி தட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, தட்டுக்கழி விழும் ஓசைக்குப் பாதம் முழுவதும் தரையில் படத் தட்ட வேண்டும். முதல் காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. முழங்கால் பக்கவாட்டில் விரிகிறதா, இடுப்பு பின்னால் தள்ளுகிறதா, குதிகால் தூக்குகிறதா என்று ஒவ்வோர் உடம்பையும் ஆசிரியர் தனித்தனியாகப் பார்த்துத் திருத்தியாக வேண்டும். திருத்தாவிட்டால் முட்டி போய்விடும். நாற்பது பேர், நாற்பது நிமிடம். ஒருவருக்கு ஒரு நிமிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய இந்தப் பயிற்சிமுறை, நட்டுவனார் தம் கண்முன் நிற்கும் சில பிள்ளைகளுக்குத் தருவது. 1936இல் கலாக்ஷேத்ரா அதை நிறுவனத்துக்குள் கொண்டுவந்தபோதும், முழுநேர மாணவர்களுக்கான பயிற்சியாகவே அமைந்தது. கலைபண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதம் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அதை வாரத்துக்கு நாற்பது நிமிடமாக நறுக்கினால் கிடைப்பது பரதம் ஆகாது. பரதம்போல நிற்கும் ஒரு தோரணை கிடைக்கும். ஆண்டு விழாக்களில் நாம் பார்ப்பது அதைத்தான்.

கூட்டாட்டங்கள் வேறு கணக்கில் பிறந்தவை. பின்னல் கோலாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு வளையத்தில் வண்ணக் கயிறுகள் கட்டித் தொங்குகின்றன. ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆடுவோர் வட்டமாக நின்று, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் நகர்கிறார்கள். எதிரே வருபவரோடு கோலைத் தட்டி, ஒருவருக்கு உள்ளே, அடுத்தவருக்கு வெளியே என்று மாறி மாறி நுழைந்தால் மேலே பின்னல் விழுகிறது. பிறகு திசையைத் திருப்பி அதே ஒழுங்கில் ஆடினால் பின்னல் அவிழ வேண்டும். ஒரே ஒருத்தி ஓரிடத்தில் உள்ளே போவதற்குப் பதில் வெளியே போய்விட்டால், அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அவிழ்க்கும்போது சிக்கு நிற்கும். ஆட்டம் நின்றுவிடும். எல்லாரும் அண்ணாந்து பார்த்து, எந்த நிறத்துக் கயிறு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் தவறிய இடம் கிடைக்கும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

கற்பித்தல் நோக்கில் இதைவிடச் செறிவான பாடத்தை நான் அறியேன். மதிப்பீடு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பிழை பொதுவில் தெரிகிறது, ஆனால் பிழை செய்தவர் தனியாக நின்று தலைகுனிய வேண்டியதில்லை. அவிழ்க்கும் வேலை எல்லாருக்கும் பொது. ஒயிலாட்டத்திலும் இதன் சாயல் உண்டு. கையில் துண்டு, காலில் சலங்கை, வாத்தியார் பாட வரிசை பின்பாட்டுப் பாடி ஆடும். ஒருவர் அரைத் திருப்பத்தைத் தவறவிட்டால் துண்டுகளின் கோடு அந்த இடத்தில் உடையும். தாளம் மெல்லத் தொடங்கி ஏறுவதால், திணறுகிறவருக்கும் தொடக்கத்தில் இடமிருக்கிறது. உறுமிக்கு ஆடும் தேவராட்டத்தில் முன்னால் ஆடுபவரைப் பார்த்தே மற்றவர் அடி மாற்றுகிறார்கள். அங்கே பார்ப்பதே பயிற்சி.

இந்த ஆட்டங்களுக்குப் போட்டி மேடை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கும்மியில் முகங்கள் வட்டத்தின் உள்நோக்கி இருக்கும். ஆடுகிறவர்களுக்கு ஆடுகிறவர்களே பார்வையாளர்கள். மேடையேறியதும் வட்டம் முன்பக்கம் பிளந்து அரைவட்டமாகி, எல்லா முகங்களும் நடுவர் மேசையைப் பார்க்கத் தொடங்குகின்றன. கைபேசியைப் பார்த்துத் திரைப்பாட்டு ஆடப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த முன்பக்கம் இயல்பாகவே வரும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் வலம் இடமாக மாறித் தெரிவதைத் திருப்பிப் போட்டுக் கற்பது எளிதான வேலையல்ல. முன்பக்கம் இல்லாத ஆட்டமும் ஒன்று உண்டு என்பதைப் பள்ளியாவது காட்டலாம்.

பதின்மூன்று வயதுக்கு மேல் இது இன்னும் முக்கியமாகிறது. அதுவரை தெருவில் ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் ஒதுங்குகிறாள். பையன்களோ கிண்டலுக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள், இல்லாவிட்டால் குட்டிக்கரணத்தில் தஞ்சம் புகுகிறார்கள். பார்க்கப்படுகிறோம் என்ற கூச்சமே இந்த வயதின் பெரிய தடை. இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆட்டத்தைக் கண்ட தாகூர், புத்திமந்த சிங் என்ற ஆசானைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அந்நாளைய நல்ல குடும்பங்கள் நடனம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் என்பதால், தாளத்தோடு கூடிய உடற்பயிற்சி என்ற பெயரில் முதலில் பையன்களுக்குக் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்தில் இன்றும் நடனம் உடற்கல்விக்குள்தான் இருக்கிறது. நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபன் 1948இல் வெளியிட்ட நடனக் கல்வி நூல் அங்குள்ள பள்ளிகளை வெகுவாகப் பாதித்தது. லாபன் வலியுறுத்திய கட்டற்ற அசைவைவிட, அடி வகுத்துக் கொடுத்த ஆட்டமே கூச்சப்படும் பதினான்கு வயதுக்கு நிழல் தரும் என்பது என் எண்ணம். உன் விருப்பம்போல் ஆடு என்று சொன்னால் ஒடுங்கி நிற்கும் பையன், நாலு அடி முன்னே, திரும்பு, துண்டை வீசு என்றால் ஆடிவிடுவான். உடற்கல்விப் பாடவேளைகளில் ஒன்றை இதற்கு விடலாம். வடகிழக்குப் பருவமழையில் மேல்மலை மைதானங்கள் எப்படியும் பயன்படாது.

இதுவரை சொன்னதைவிடக் கடினமான சிக்கல் சாதி. நம் ஆட்டங்கள் எவையும் பொதுவில் பிறந்தவை அல்ல. தேவராட்டம் இராஜகம்பளத்து நாயக்கர்களுடையது. பறை, ஒரு சமூகத்தின் தலையில் இழிவாகச் சுமத்தப்பட்ட கட்டாயப் பணியோடு சேர்ந்து வந்தது. பரதத்தின் வரலாறும் சுத்தமில்லை: இசை வேளாளர் வீடுகளிலிருந்து நட்டுவனார்களை வரவழைத்துக் கற்றுக்கொண்டவர்கள் மேடையை எடுத்துக்கொண்டார்கள், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த நேரத்தில் அந்த வீட்டுப் பெண்களுக்கு மேடையில் இடம் சுருங்கிவிட்டிருந்தது. ஆட்டத்தைப் பொதுவாக்கும்போது ஆட்டக்காரர் காணாமல் போகும் ஆபத்துக்கு இது நம் கண்முன் நடந்த சான்று. ஈழத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. பேராதனையில் தமிழறிஞர் சு. வித்தியானந்தன், அண்ணாவிமார் எனப்படும் மட்டக்களப்புக் கூத்து ஆசான்களைக் கொண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து மேடைக்காகச் சுருங்கியது. கூத்து அதனால் மதிப்புப் பெற்றது உண்மை. ஆனால் கூத்தை ஊரைவிட்டுப் பெயர்க்காமல் ஊராரோடு சேர்ந்தே திருத்த வேண்டும் என்று பின்னாளில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் முயன்றதற்கும் காரணம் இருந்தது.

மேல்மலை வகுப்பறையில் பளியர், புலையர் குடிப் பிள்ளைகளும் வெள்ளாமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்கள். பறையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வெறும் தாளக்கருவியாகக் கையில் கொடுத்தால், சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லிக் கொடுத்துவிடும். இதற்கு வழிகாட்ட மாவட்டத்திலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களுக்குப் பறையையும் கரகம், ஒயில், கும்மி முதலியவற்றையும் அவற்றின் சமூக வரலாற்றோடு சேர்த்தே கற்பித்து வருகிறது. பறை அங்கே தாழ்வின் அடையாளமாக இல்லை, உரிமைக்குரலாக ஒலிக்கிறது. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அந்தக் கருவியை அடித்ததற்காகத் தெருவில் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும். இணை மாறிக்கொண்டே இருக்கும் கோலாட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பிலுள்ள மற்ற எல்லாப் பிள்ளைகளோடும் கோல் தட்டியாக வேண்டும். யார் யாரோடு தட்டத் தயங்குகிறார்கள் என்பது ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதில் ஆசிரியருக்குப் பயிற்சி தேவை. நடனப் பயிற்சியைவிட அதுதான் அவருக்கு அவசரமாகத் தேவைப்படும்.

கற்பிப்பவர் யார்? பட்டம் பெற்ற நடன ஆசிரியர் ஒவ்வொரு மலைப்பள்ளிக்கும் வருவார் என்று காத்திருப்பது வீண். கீழே வத்தலக்குண்டு, பழனிப் பக்கங்களிலிருந்து ஒயிலாட்ட வாத்தியாரையோ கரகாட்டக் கலைஞரையோ அழைத்து, வகுப்பாசிரியரோடு சேர்ந்து நடத்தச் சொல்லலாம். அடி அவருடைய பொறுப்பு. வகுப்பும் வரலாறும் ஆசிரியருடையவை. பட்டமில்லாதவரைப் பள்ளிக்குள் விடுவதா என்று கேட்பவர்களுக்கு, பேராதனையில் அண்ணாவிமார் கற்பித்தது எந்தப் பட்டத்தோடு என்று நான் திருப்பிக் கேட்பேன். அவருக்கு நாள்கூலியும் போக்குவரத்தும் தங்குமிடமும் தர வேண்டும், பொன்னாடை போதாது. காலமும் ஒத்துவருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கோயில் கொடைகளும் திருவிழாக்களும் தையில் தொடங்கி ஆடியோடு அடங்கும். ஆவணி முதல் மார்கழி வரை பெரும்பாலோருக்கு ஆட்டம் கிடையாது, கடன்தான். பள்ளி ஆண்டின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஐந்து மாதங்களில்தான் வருகிறது.