லூஸ் கனெக்‌ஷன்

1960களின் நடுவில் அமெரிக்காவில் செம்பு விலை எகிறியது. புறநகர்களில் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்துகொண்டிருந்த நேரம். கட்டுபவர்கள் அலுமினிய ஒயருக்கு மாறினார்கள். தெருக்கம்பத்தில் ஓடுகிற கம்பிதானே, சுவருக்குள் ஓடினால் என்ன? கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான் என்பதால் ஒயரைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டார்கள். கணக்கு சரிதான். 1973க்குள் சுமார் 20 லட்சம் வீடுகளில் அலுமினியம் நுழைந்துவிட்டது.

கணக்கில் வராதது ஒயர் போய் முடிகிற இடம். அலுமினியத்தில் காற்று பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சூடானால் செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கும். பிளக் பாயிண்ட்டில் இருந்ததோ செம்பை மனதில் வைத்துச் செய்த திருகு. ஹீட்டரைப் போட்டால் விரிவு, அணைத்தால் சுருக்கம். சில வருடங்களில் நம்மூர் எலக்ட்ரீஷியன் ஒரே மூச்சில் சொல்வாரே, அந்த லூஸ் கனெக்‌ஷன். தளரத் தளரத் தடை கூடும், தடை கூடக் கூடச் சூடு ஏறும். பிரேக்கர் விழாது. ஏன் விழணும்? ஓடுவது வழக்கமான மின்னோட்டம்தானே. இந்தக் கதையில் எனக்குப் பயம் தருவது இதுதான்.

1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் ஹாம்ப்டன் பேஸில் ஒரு வீடு எரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பிளக் பாயிண்ட்டில் அலுமினிய இணைப்பு கெட்டதுதான் காரணம் என்றார்கள் தீயணைப்பு அதிகாரிகள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடந்த ஆய்வு, 1972க்கு முன் அலுமினியம் போட்ட வீடுகளில் இணைப்புகள் தீ ஆபத்தை எட்டும் வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு என்றது. வேலை செய்தவன் சரியா முறுக்கலை என்று சொல்லித் தப்பிக்கலாம். நன்றாக முறுக்கியதும் தளர்ந்தது என்பதல்லவா சிக்கல்!

மென்பொருள்காரனுக்கு இது பழகிய சங்கதி: ரெண்டு பக்கமும் தனித்தனியாக ஒழுங்காக ஓடும், சேருமிடத்தில்தான் பக். ரிப்பேரும் அங்கேதான். வீடு முழுக்கச் செம்பு மாற்றக் காசில்லாதவர்களுக்கு, ஒவ்வொரு அலுமினிய முனையிலும் ஒரு துண்டுச் செம்பு ஒயரைச் சேர்த்து, அந்தச் செம்பைத் திருகில் மாட்டுவதுதான் வழி. கோப்பாலம் முறையில் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் தனிக் கருவியால் இரண்டையும் ஒன்றாக நசுக்கிவிடுவார். அலுமிகான் என்ற இணைப்பியில் குறித்த முறுக்குவிசையில் திருக வேண்டும். சாதாரணமாகச் சுற்றி மாட்டும் தொப்பி இணைப்பிகளை ஆணையம் நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை.

பத்து பாயிண்ட்டைச் சரிசெய்து பதினோராவதை விட்டால் பிரயோஜனமில்லை. ஸ்விட்ச், விளக்கு, சுவருக்குள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் என ஒன்றுவிடாமல் திறக்கணும்.