சாலைசாரா எந்திரங்களின் உமிழ்வு மதிப்பீடு

கட்டுமானம், சுரங்கம், வேளாண்மை, சரக்குக் கையாளல் போன்ற தொழில்களில் சாலைக்கு வெளியே இயங்கும் எந்திரங்கள் வெளியிடும் காற்று மாசுகளைக் கணக்கிடும் முறை. இவை ஓடிய தூரத்தைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. புல்டோசர் நாள் முழுக்க நூறு மீட்டருக்குள்ளேயே உழலும்; அதற்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அதனால் மணிக்கணக்கே அடிப்படை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கிய ‘நான்ரோடு’ மாதிரி இத்துறையில் பெயர்பெற்றது. 2014இல் அது அதே முகமையின் வாகன உமிழ்வு மென்பொருளான ‘மூவ்ஸ்’உடன் இணைக்கப்பட்டது. எந்திர எண்ணிக்கை, எஞ்சின் திறன், சுமை விகிதம் (முழுத் திறனில் சராசரியாகப் பயன்படும் பங்கு), ஆண்டுக்கு இயங்கும் மணிநேரம், உமிழ்வுக் காரணி ஆகிய ஐந்தையும் பெருக்குவதே அதன் சாரம். 100 கிலோவாட் எக்ஸ்கவேட்டர் ஒன்று 0.59 சுமை விகிதத்தில் 1,000 மணிநேரம் இயங்குவதாகக் கொள்வோம். அமெரிக்காவின் ‘டியர் 4’ வரம்பான கிலோவாட்-மணிக்கு 0.40 கிராம் என்பதையே காரணியாக எடுத்தால், நைட்ரஜன் ஆக்சைடுகள் 23.6 கிலோ வரும்.

சுமை விகிதம்தான் இதில் சறுக்கும் இடம். பேக்ஹோ லோடருக்கு (எந்த நிறுவனம் செய்தாலும் நம் ஊரில் அது ஜேசிபிதான்) இம்மாதிரி தரும் மதிப்பு 0.21 மட்டுமே; காரணம், அது பாதி நேரம் லாரிக்காகக் காத்து உறுமிக்கொண்டு நிற்கும். மணிமானி அந்த நேரத்தையும் சேர்த்தே எண்ணும். எஞ்சின் தேய்மானம், டீசலின் கந்தக அளவு ஆகியவற்றுக்குத் தனித் திருத்தங்கள் உண்டு. ரயில் எஞ்சின், வணிகக் கப்பல், விமானம் ஆகியவை இம்மாதிரியில் அடங்கா.