கிளிநொச்சி: குளக்கட்டின் கீழே ஒரு ஊர்

கிளிநொச்சியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 1996, 1998, 2009 என்ற மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடுகின்றன. வெம்பிளி உணவகங்களின் குசினிகளில், கடைசிக் கோப்பையும் கழுவி அடுக்கியபின் ஊர்க்கதை பேசும் எம்மவரிடையேயும் இதுவே நிலைமை. எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் சமவெளியில் ஏன் ஒரு ஊர் வந்தது, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. பாதியில் நின்றுபோன பல்கலைக்கழகப் படிப்பு மட்டுமே எம்மிடம் உள்ள முதல். அதை வைத்துக்கொண்டு அக்கேள்விகளுக்கு விடை தேடலாம் என எண்ணுகிறோம்.

நொச்சி நீர்க்கரைகளில் செழிக்கும் செடி. காய்ச்சலுக்கு ஆவி பிடிக்க அதன் இலையைத்தான் பறிப்போம். பழைய புறத்திணை இலக்கணத்திலோ நொச்சிப்பூச் சூடுவது மதில் காப்போரின் அடையாளம். பின்னாளில் இவ்வூருக்கு நேர்ந்தவற்றை நினைக்கையில் இந்தப் பொருத்தம் சிலருக்கு இனிக்கக்கூடும். ஆனால் கிளிநொச்சிக்கு மதில் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்தது குளக்கட்டு.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கியது. 1905 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது அது இந்தக் காட்டை ஊடறுத்துச் சென்றது. குளத்து வேலை நிறைவேறியது 1920 களின் தொடக்கத்தில். அடுத்த சில ஆண்டுகளில், 1924 இல், நாம் இன்று வேலை செய்யும் இதே வெம்பிளியில் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடந்தது. அதில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. இலங்கை என்றால் தேயிலை என்று உலகம் அறிந்திருந்த காலம் அது. வடக்கே மண்சுமந்து குளக்கட்டை உயர்த்தியவர்களின் முதுகுகள் எந்தக் கண்காட்சியிலும் வைக்கப்படுவதில்லை.

தண்ணீர் வந்தது. மக்கள் பின்னரே வந்தார்கள். 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதவில்லை, இளைஞருக்கு வேலையில்லை என்பதே இதற்குக் காரணம். உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், கணேசபுரம் என வாய்க்கால் போன வழியெல்லாம் குடியேற்றங்கள் விரிந்தன. மலேரியா, யானை, பன்றி, வரட்சி எல்லாவற்றையும் தாண்டி நின்றவர்களே அங்கு வேரூன்றினார்கள். குடாநாட்டில் பலருக்கு 'காட்டுக்குப் போனவர்கள்' என்ற ஏளனம் இருந்தது. ஆனால் அந்தக் காட்டு நெல்தான் அவர்களது அடுப்பிலும் வெந்தது.

ஊர் நடந்த முறையையும் சொல்லவேண்டும். மாரி மழையை நம்பிக் காலபோகம். குளத்து நீரை நம்பிச் சிறுபோகம். இரணைமடுவின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. சிறுபோகத்தில் அத்தனைக்கும் நீர் போதாது. ஆகவே குளத்தில் நிற்கும் நீரின் அளவைப் பார்த்து, கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடி, இம்முறை எவ்வளவு ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பார்கள். சண்டை வரும், சத்தம் வரும். முடிவில் துருசு திறக்கப்படும். தண்ணீரைப் பங்கிடத் தெரிந்திருந்ததே இவ்வூரின் முதல் அரசியல் என்று நாம் கருதுகிறோம்.

இந்தப் பங்கில் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். 1970 களில் தோட்டங்களில் பரவிய பஞ்சமும் 1977 இனக்கலவரமும் மலையகத் தமிழரைப் பெருந்தொகையில் வன்னிக்குத் துரத்தின. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் அவர்களின் உழைப்பு புதைந்து கிடக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்த காலத்தைப் பற்றி எம்மவர் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பொன்னை யார் கொத்தினார்கள், யார் பிடுங்கினார்கள் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. காணி ஒருவருக்கு, மண்வெட்டி இன்னொருவருக்கு என்ற நிலை எமது சமூகத்துக்குள்ளேயே இருந்தது. அதை மறைத்துவிட்டு எழுதப்படும் வரலாறு அரைவாசி வரலாறே.

1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு கிளிநொச்சி தனி மாவட்டமானது. ஏ9 வீதியோரச் சிறுபட்டினம் ஒன்று மாவட்டத் தலைநகராயிற்று. கச்சேரி, ஆஸ்பத்திரி, சந்தை, கந்தசுவாமி கோவில், கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி: பட்டினம் என்று சொல்ல இருந்தவை இவ்வளவுதான். 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, 'காடு' என்று இகழப்பட்ட மண் அவர்களில் ஏராளமானோருக்கு மரநிழல் கொடுத்தது. 1996 செப்ரெம்பரில் பட்டினத்தை இராணுவம் கைப்பற்றியது. 1998 செப்ரெம்பரில் புலிகள் மீட்டனர். 2002 போர்நிறுத்தத்தின் பின் அது அவர்களின் நிர்வாகத் தலைநகரமாகி, வெளிநாட்டுத் தூதுவர்கள் வந்துபோகும் இடமாயிற்று. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் மீண்டும் நுழைந்தபோது அங்கே மக்கள் இருக்கவில்லை. சரிந்து கிடந்த நீர்த்தாங்கி பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப்பொருளாக்கப்பட்டது. தண்ணீரால் பிறந்த ஊரின் நினைவுச்சின்னமாக உடைந்த தண்ணீர்த்தாங்கி!

மக்கள் திரும்பினார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் தொகை 113,510. 2013 செப்ரெம்பரில், 1990 இல் நின்றுபோன புகையிரதம் கிளிநொச்சிக்கு வந்தது. அறிவியல்நகரில் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. பீடங்களையும் புகையிரதத்தையும் காட்டி அந்தத் தாய்மாரை மறைத்துவிட முடியாது.

போருக்குப் பின் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது கமக்காரர் எதிர்த்தார்கள். 'தமிழனுக்குத் தமிழன் தண்ணீர் கொடுக்கமாட்டானா' என்று சிலர் கோபித்தார்கள். குடாநாட்டின் தாகம் பொய்யல்ல. ஆனால் சிறுபோகத்துக்கே போதாத நீரைப் பங்கிட்டு வாழ்பவனின் பயமும் பொய்யல்ல. முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. ஒரே இனம் என்ற சொல்லால் வாய்க்கால் கணக்கைத் தீர்க்க முடியாது என்பதை இந்த விவகாரம் எமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறது.

இன்று இங்கே எம்மவர் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 'கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணி' என்ற பேச்சு எழுகிறது. அங்குள்ள காணிகளில் கணிசமானவை 1935 இன் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அரசின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. அந்தப் பத்திரமும் இல்லாமல் தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் உண்டு. காணி வாங்க நினைப்பவர் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இந்த நிலத்தை வெட்டித் திருத்தியவர் யார்? அவர் இப்போது எங்கே குடியிருக்கிறார்? கிளிநொச்சியின் எழுதப்படாத வரலாறு இவ்விரு கேள்விகளின் விடைகளில்தான் இருக்கிறது.