என் பொட்டியில ஓடுச்சே! - ஒரு எக்ஸி வரலாறு

சித்தப்பா கடைக் கணக்கைத் தொகுக்க பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, எக்ஸியா மாத்தி, பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தேன். கடையில கிளிக் பண்ணினா, ஒரு கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டிட்டு மறைஞ்சு போச்சு. "இதுக்காடா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சே?"ன்னார் சித்தப்பா. :-( கமாண்ட் பிராம்ப்ட்ல ஓட்டினப்பதான் தெரிஞ்சது, எக்ஸல் கோப்பு எழுதற லைப்ரரியோட உள் மாட்யூல் ஒண்ணு எக்ஸிக்குள்ள வரவே இல்லை. ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்த நான், எக்ஸியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கலை. தப்பு என்னோடதுதான்.

சரி, இந்த வம்புக்கு வயசு என்னன்னு தோண்டிப் பார்த்தா, அது பெரிய கதை.

நெதர்லாந்தில் இருந்த கைடோ வான் ராஸம் பைத்தானை வெளியிட்டது 1991-ல். பைத்தான் இல்லாத கணினியில் நிரலை ஓட்டுவதற்காக, பைத்தானோடவே 'ஃப்ரீஸ்'னு ஒரு கருவி வந்தது. மாட்யூல்களை எல்லாம் பைட்கோடாக்கி, சி நிரலாக எழுதித் தரும். அதை நாமதான் கம்பைல் பண்ணிக்கணும். சாதாரண விண்டோஸ் ஆசாமி கம்பைலருக்கு எங்கே போவார்?

அந்தக் குறையைத் தீர்த்தது தாமஸ் ஹெல்லரின் பை2எக்ஸி. இன்னொரு பக்கம் கார்டன் மெக்மில்லனின் 'இன்ஸ்டாலர்'. அவர் விட்ட இடத்திலிருந்து 2005-ல் கிளம்பியதுதான் பைஇன்ஸ்டாலர்.

கருவிகள் மாறினாலும் சூட்சுமம் ஒண்ணுதான். பைட்கோடைப் படிச்சு, எங்கெல்லாம் இம்போர்ட் இருக்கோ அதையெல்லாம் மூட்டை கட்டும். மளிகை லிஸ்ட்ல இருக்கிறதை மட்டும் வாங்கிட்டு வர்ற ஆள் மாதிரி. லிஸ்ட்ல எழுதாம வாயால சொன்னது வண்டியில ஏறாது. ஓடும்போது பெயரைக் கோர்த்து இம்போர்ட் பண்ற மாட்யூல் அப்படித்தான் விட்டுப்போகும். 2006-ல் வந்த பைத்தான் 2.5-ல் ஈமெயில் மாட்யூலின் பழைய பெயர்களை இப்படித்தான் சாமர்த்தியமா ஒளிச்சு வச்சாங்க. பை2எக்ஸி ஆட்கள் புலம்பித் தீர்த்துட்டாங்க.

2008-ல் பைத்தான் 2.6 இன்னொரு குண்டைப் போட்டது. எம்எஸ்விசிஆர்90 டிஎல்எல்லை வெறுமனே பக்கத்தில் வச்சா போதாது, மேனிஃபெஸ்ட் கோப்பும் வேணும். நம்ம பொட்டியில எல்லாம் இருக்கும், ஓடும். அடுத்தவர் பொட்டியில முரண்டு பிடிக்கும்.

பைஇன்ஸ்டாலர்ல இதுக்கு மருந்து, ஹிடன் இம்போர்ட்னு ஒரு வரி. அடிக்கடி மாட்டும் லைப்ரரிகளுக்கு 'ஹூக்' கோப்புகளும் உண்டு. பல ஊர்க்காரர்கள் எழுதிச் சேர்த்தவை. ஒவ்வொரு ஹூக்குக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் தூக்கத்தைத் தொலைச்சிருப்பார்!

நீங்க மாட்டினா: முதல்ல ஒரே கோப்பா கட்டாம ஃபோல்டரா கட்டுங்க. பில்ட் ஃபோல்டர்ல இருக்கிற 'வார்ன்' கோப்பைப் படிங்க. எக்ஸியை, பைத்தானே இல்லாத ஒரு பொட்டியில ஓட்டிப் பாருங்க.

நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இப்போ சித்தப்பா கடையில கணக்கு ஓடுது. "முதல்லயே இப்படிக் கொடுத்திருக்கலாம்ல?"ன்னார். என்னத்தச் சொல்ல! :-)